அவள் பெயரை நான் என்னவென்று பதிந்து வைத்திருந்தேன்

2011 முதல் 2017 வரை, ஆறு வருடம், என் செல்போனில் அவள் பெயர் 'ஹார்டுவேர் கடை'. பட்டறையில் இருக்கும்போது அந்தப் பெயர் திரையில் வந்தால் எடுக்க மாட்டேன். பக்கத்தில் யாராவது நின்றால், "போல்ட் இன்னும் வரலையாம், அதான் கூப்பிடுறான்" என்று யாரும் கேட்காமலே ஒரு பொய்யையும் சொல்லி வைப்பேன். இரவு ஒன்பதரைக்கு மேல் நானாகக் கூப்பிடுவேன். வண்டியை அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவேன்.

அவள் திருநங்கை. இன்று என் மனைவி. இடையில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருநங்கை ஒருத்தியின் மேல் மனம் போய்விட்ட ஆண்கள் நம் ஊரில் நிறையப் பேர். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு போனை எடுத்து, "எனக்கு என்ன ஆச்சு, என்னை மாதிரி ஆளுக்கு என்ன பேரு" என்று தேடுகிறார்கள். நானும் அப்படித் தேடியவன். கிடைத்த பெயர்கள் ஒவ்வொன்றும் என்னை என்ன செய்தன என்பதைச் சொன்னால் அவர்களில் யாருக்காவது பயன்படும்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பதினேழு வயதில், பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கரகாட்டம் வைத்தார்கள். ஆடியவர்களில் ஒருத்தி திருநங்கை. எல்லாரும் சிரிப்பதற்காக அவளைப் பார்த்தார்கள். நான் அவள் தலையில் அசையாமல் நின்ற கரகத்தையும், வேர்வையில் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் இறங்குவதையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட இருந்த கூட்டாளி என் முகத்தைக் கவனித்துவிட்டான். மறுநாளிலிருந்து எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. தமிழில் ஓர் எண்ணை வசையாக்கி வைத்திருக்கிறோமே, அதன் வாலில் 'புருஷன்' என்று ஒட்டினால் அந்தப் பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன்.

பல வருடம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. எங்களைத் திட்டுவதற்கென்று தனியாக ஒரு சொல்கூடக் கிடையாது. அவர்களைத் திட்டும் சொல்லை எடுத்து, அதோடு புருஷன், மாமா, வச்சிருக்கிறவன் என்று எதையாவது சேர்த்தால் எங்களுக்கான வசை தயார். என்னைத் திட்டுகிறார்கள் என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அடி விழுந்தது அந்தக் கரகாட்டக்காரி மேல். எனக்குத் தெறித்தது மட்டும்தான்.

2009 சித்திரையில் நண்பர்களோடு கூவாகம் போனேன். உளுந்தூர்பேட்டைப் பக்கம்; அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. கூத்தாண்டவர் கோயிலில் பௌர்ணமி ராத்திரி திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு அரவானுக்கு மனைவியாகிறார்கள். விடிந்தால் களப்பலி. தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைப்பார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சேலைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் பார்த்தது ஆண்களை. வயல் பக்கம் இருட்டில், துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றவர்கள். காலையில் அதே ஆட்கள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்து, "சும்மா வேடிக்கை பார்க்கலாம்னு வந்தோம்" என்றார்கள். என் நண்பர்களும் அதைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். வேடிக்கை பார்க்க வந்தவன் என்பதுதான் நானே எனக்கு வைத்துக்கொண்ட முதல் பெயர்.

ஐடிஐயில் டர்னர் முடித்துவிட்டு, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பம்ப்செட் ஷாஃப்ட் கடைவதுதான் வேலை. 2011இல் முதலாளி வீட்டு விசேஷத்துக்கு முந்தின ராத்திரி, மண்டபத்துச் சமையற்கட்டில் கிரைண்டர் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். பெல்ட் கழன்றிருந்தது. சமையல் குழுவில் இருந்த ஒருத்தி எனக்கு டார்ச் பிடித்தாள். வேலை முடிந்ததும் கையெல்லாம் கிரீஸ் என்று டம்ளரை என்னிடம் கொடுக்காமல், "வாயைத் திறங்க" என்று காப்பியை அண்ணாந்து ஊற்றினாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் பந்தி பரிமாறும்போது அவள் எந்த வரிசையில் வருகிறாள் என்று பார்த்து அந்த வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பந்தி என்றதும் இன்னொன்று. பழக ஆரம்பித்த சில மாதத்தில், வேறொரு மண்டபத்துப் பின்வாசலில் போய் நின்றேன். உள்ளே இருந்த சின்னப் பெண் ஒருத்தி, அவளும் திருநங்கைதான், "அக்கா, உங்க பந்தி வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தாள். சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ராத்திரி அவள்தான் விளக்கினாள். தங்களுக்குள் பேசும் பாஷையில், தங்களோடு சேரும் ஆணுக்குப் பந்தி என்று பெயராம். வடக்கே கிரியா என்கிறார்கள், வங்காளத்தில் பரிக். எந்த ஆணும் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் இல்லை இது. அவர்கள் எங்களைப் பார்த்து வைத்தது. அதுவரை கேட்ட பெயர்களெல்லாம் துப்பிய மாதிரி இருந்தன. இது ஒன்றில்தான் ஓர் உறவு இருந்தது. "உங்க பந்தி." அந்த 'உங்க'வுக்காகவே எனக்கு அந்தச் சொல் பிடித்தது.

அதிலும் ஒரு கஷ்டம் உண்டு. பந்தி என்றால் அவன் முழு ஆம்பளையாக நடந்துகொள்ள வேண்டும். அதட்ட வேண்டும், சந்தேகப்பட வேண்டும், சம்பாத்தியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாலும் தப்பில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினால், "என்னக்கா, பந்தி காய் நறுக்குறாரு" என்று ஆச்சரியப்படுவார்கள். காய்ச்சலில் கிடந்தபோது அவள் மடியில் நான் அழுததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். எயிட்ஸ் தடுப்புத் திட்டங்கள் வந்தபோது இந்தச் சொல் படிவங்களிலும் ஏறிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தே போய் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். அதை எல்லாருக்கும் சொல்வேன்: சேர்ந்து போங்கள், அவளை மட்டும் அனுப்பாதீர்கள். நோய் அவர்களிடமிருந்துதான் வரும் என்ற நினைப்போடு ஓர் ஆண் அங்கே போய் நின்றால், அதைவிடக் கேவலமான பெயரை யாரும் அவளுக்கு வைத்துவிட முடியாது.

அந்த நாட்களில் என்னை அரித்த கேள்வி ஒன்றே ஒன்று. நான் ஹோமோவா? பட்டறையில் ஆண்களோடுதான் பகலெல்லாம் இருக்கிறேன், ஒருத்தர் மேலும் அப்படி ஒரு எண்ணம் வந்ததில்லை. பிறகு ஏன் இந்தக் கேள்வி? இப்போது பதில் சொல்லத் தெரியும். அவளை உள்ளுக்குள் நான் இன்னும் ஆண் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது. ஆணை விரும்பும் ஆணிடம் எந்தக் குறையும் இல்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன். இரு பாலரையும் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், திருநங்கையைக் காதலிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்கள் பொருந்தவில்லை என்பதுதான் விஷயம். நான் ஓர் ஆண், ஒரு பெண்ணைக் காதலித்தேன். இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

பதிலை நெட்டில் தேடினேன். ஆங்கிலத்தில் பெயர்கள் கொட்டிக் கிடந்தன. 1993இல் டொரண்டோவில் ரே பிளான்சார்ட் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளியும் ஒரு கட்டுரையில் 'கைனான்ட்ரோமார்ஃபோஃபிலியா' என்று எங்களைக் குறித்தார்கள். வாயில் நுழையவே ஒரு வாரம் ஆன அந்தச் சொல்லைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏதோ தீராத வியாதியின் பெயர் மாதிரி இருந்தது. இன்னொரு சொல், ஸ்கோலியோசெக்ஷுவல். கிரேக்கத்தில் ஸ்கோலியோஸ் என்றால் வளைந்தது, கோணல். முதுகெலும்பு வளைவதற்கு ஸ்கோலியோசிஸ் என்கிறார்களே, அதே வேர்தான். அன்பான அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள் என்றார்கள். அவளைக் கோணல் என்று சொல்லித்தான் நான் அவளை விரும்புவதாகச் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 'அட்மைரர்' தள்ளி நின்று ரசிக்கிறவனுக்குப் பொருந்தும், கூடக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அல்ல. 'ட்ரான்ஸ் அட்ராக்டட்', 'ட்ரான்ஸமோரஸ்' இரண்டும் பரவாயில்லை. சில ஆண்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தார்கள் என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2016இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திருநங்கைகளிடம் ஈர்ப்புள்ள ஆண்களை, ஆணை விரும்பும் ஆண்களோடும் பெண்ணை விரும்பும் ஆண்களோடும் ஒப்பிட்டார்கள். பெண்ணை விரும்பும் ஆண்களின் உடல் எப்படிக் கிளர்ச்சி கொள்கிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் இவர்களுக்கும் என்று வந்தது. படித்தபோது மனசு லேசானது உண்மை. ஆனால் அது உடம்பை அளந்த கணக்கு. கிரீஸ் கையோடு நின்றவனுக்குக் காப்பி ஊற்றியதை எந்தக் கருவி அளக்கும்?

தமிழில் ஒருவர் எங்களுக்குத் 'திருநங்கைப் பிரியர்' என்று பெயர் வைத்துப் பேசியதைக் கேட்டேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். செய்தித்தாளைப் பிரித்தால் மதுப்பிரியர், அசைவப் பிரியர். நம் மொழியில் குடிப்பதற்கும் தின்பதற்கும்தான் பிரியர் என்கிறோம். அவள் யாருடைய இலையிலும் வைக்கிற பண்டம் அல்ல. 2022இல் தமிழ்நாடு அரசு பால்புதுமையர் (எல்ஜிபிடிக்யூ) தொடர்பான சொற்களுக்கு மரியாதையான தமிழ்ப் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கில் பிறந்தது அது. அப்படி ஒரு பட்டியலுக்காக எவ்வளவோ பேர் உழைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் பெருமை உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு தனிச்சொல் வேண்டும் என்று மட்டும் நான் கேட்க மாட்டேன்.

2013இல் மனநலம் பார்க்கிறவர் ஒருவரிடம் போனேன். பத்து நிமிஷம் கேட்டார். மாத்திரை எழுதினார். "கல்யாணம் பண்ணிக்கங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றார். மூன்று மாதம் அந்த மாத்திரையில் லேத் முன்னால் தூங்கி வழிந்தேன். ஓடுகிற சக்கில் சட்டைக்கை மாட்டப் பார்த்தது, அதோடு நிறுத்தினேன். இன்று யாராவது உங்களிடம் 'மாற்றிவிடுகிறேன்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவரின் பாலீர்ப்பையோ பாலினத்தையோ மாற்றுவதாகச் சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. பேச ஆள் இல்லாமல் மனசு அடைத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. காசில்லை, தமிழில் பேசலாம்.

'கல்யாணம் பண்ணிக்கங்க' என்ற வார்த்தை என்னை விடவில்லை. 2015இல் அம்மா சாத்தூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்தார். போனேன். பஜ்ஜி சாப்பிட்டேன். அந்தப் பெண் தலை குனிந்து தட்டை நீட்டியபோது அவள் விரலில் மருதாணி பார்த்தேன். பூ வைக்கும் வரை போய்விட்டு, வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் மாப்பிள்ளை பின்வாங்கினால் ஊர் அந்தப் பெண்ணிடம்தான் குறை தேடும். தேடியது. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: உங்கள் பயத்தைத் தீர்க்க இன்னொரு பெண்ணின் வாழ்க்கையை எடுக்காதீர்கள். ஊரில் மனைவி, டவுனில் திருநங்கை என்று இரண்டு பேரையும் இருட்டில் வைத்திருக்கிற ஆண்களை நான் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தால், முழு உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாவிட்டாலும், "எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம்" என்று பெண் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

2017 ஆவணி. காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்ட். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அவள் ஒரு மண்டபத்து வேலை முடித்து, கையில் கட்டைப்பையோடு எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பையில் எனக்காக எடுத்து வைத்த மைசூர்பாகு. திடீரென்று எங்கள் பட்டறை முதலாளி எதிரில் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாருப்பா?" என்றார்.

நான் சொன்னேன்: "கடை கேக்க வந்தாங்கண்ணே."

திருநங்கைகள் காசு கேட்டு வருவதைக் கடை கேட்பது என்பார்கள். அவள் அதை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. கையில் கரண்டி பிடித்துச் சம்பாதிக்கிறேன் என்பதுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய பெருமை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். பொய் முழுசாக நிற்க வேண்டுமே என்று சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா" என்று வாழ்த்தினாள். கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு உக்கடம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முதலாளி சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் என் போனை எடுக்கவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி, பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் திருநங்கை, எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். "நீயும் சேசர்தான்" என்று மட்டும். துரத்துகிறவன். ராத்திரியில் உடம்பைத் தேடி வந்து, பகலில் தெரியாத மாதிரி போகிற ஆணுக்கு அவர்கள் வைத்த பெயர். நெட்டில் அந்தச் சொல்லைப் படித்தபோதெல்லாம் அது வேறு யாரையோ சொல்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறேன். நான் அவளைக் காதலிக்கிறேனே, நான் எப்படி? ஆனால் காதலிக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு தெரு தள்ளி நிற்கும் வண்டி, பகலில் எடுக்காத போன், ஒரு பத்து ரூபாய். எனக்கு வைத்த பெயர்களிலேயே என்னைச் சரியாகச் சொன்ன பெயர் அதுதான்.

திருநங்கைகள் தங்கள் சமூகக் குழுவை ஜமாத் என்பார்கள். அந்த ஜமாத்தில் அவளுக்குத் தாயாக இருக்கும் பெரியம்மாவைத் தேடிப் போனேன். மடி கொடுத்து மகளாக எடுத்தவர். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து என் கதையெல்லாம் சொன்னேன். சின்ன வயசுப் பட்டப்பெயர், டாக்டர், நெட்டில் படித்தது, நான் யார் என்றே தெரியாமல் தவித்தது. வெற்றிலையை மென்றுகொண்டே முழுசாகக் கேட்டார்.

"உன்னைய என்னன்னு கூப்புடறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம் கண்ணு. நீ அவள என்னன்னு சொன்ன?"

பதில் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் 'ஹார்டுவேர் கடை'யை அழித்தேன். அவள் பெயரை எழுதினேன். அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். கை நடுங்கியது.

2018 சித்திரையில் அவள் பேசினாள். மறுபடியும் சேர்வதற்கு அவள் கேட்டது மூன்று. பகலில் வர வேண்டும். வண்டியை வாசலில் நிறுத்த வேண்டும். யாராவது யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாத இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகவே கூடாது. மூன்றாவதுதான் கடினம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. வேலை போகும், வீடு காலி செய்யச் சொல்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மறைப்பதாக இருந்தால் அதை இருவரும் பேசி முடிவு செய்வோம், நீயாக என்னை மறைக்காதே என்றாள்.

முதலில் முதலாளியிடம் சொன்னேன். "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னது நான் கட்டிக்கப் போற பொண்ணுண்ணே." அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "ஷாஃப்ட் நாளைக்கு டெலிவரி" என்று மட்டும் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் கூட வேலை பார்த்த இருவர் அன்றிலிருந்து என்னோடு டீ குடிக்க வருவதில்லை. முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது யோசித்துச் செய்யுங்கள்: உங்கள் சோற்றுக்குக் கை வைக்க முடிகிற ஆளிடம் சொல்வதற்கு முன்னால் வேறு வழி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை, தப்பித்தேன்.

மறைத்து வாழ்கிற ஆணைப் பணத்துக்காக மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். செயலியில் பேசி, தனியாக வரச் சொல்லி, படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நகையை அடகு வைத்துக் கொடுத்தார், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முதல் தடவையே கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவில் குற்றம். வீட்டில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருந்தால் அந்த மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும்.

2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ஓர் ஆணும் திருநங்கையும் தொடுத்த வழக்கு. அவர்கள் திருமணத்தைப் பதிய மறுத்திருந்தார்கள். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய்து கொடுங்கள் என்றார். செய்தியைப் பட்டறையில் ரேடியோவில் கேட்டேன். எங்களைக் குறிக்கும் சொற்களாகத் தேடித் தேடி அலைந்த எனக்கு, மணமகள் என்ற பழைய தமிழ்ச் சொல் ஒன்று கோர்ட்டில் இருந்து வந்தது. லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

2020 தை மாதம் கல்யாணம். நாங்கள் கேட்ட முதல் கோயிலில் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது கோயில் பூசாரி, "சாமிக்கு இல்லாத கணக்கு எனக்கென்ன" என்று ஒத்துக்கொண்டார். அவளுடைய சமையல் குழுவே சமைத்தது. கோயில் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். நம் மாநிலத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை, உறவும் நட்பும் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் போதும்.

பதிவுக்குப் போனபோதுதான் அலைச்சல். அடையாள அட்டைகளில் அவள் பெயர் ஒவ்வொன்றில் ஒவ்வொரு விதமாக இருந்தது, பாலினமும் அப்படியே. ஓர் அலுவலகத்தில், "பேரு ஒத்து வரலை, ஆள் யாருன்னே தெரியலையே" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஆகவே கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே, மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரும் பாலினமும் ஒன்றாக இருக்கும்படி செய்துவிடுங்கள். எங்களுக்கு அதற்கே ஒரு வருடம் போயிற்று. போகும்போது பத்திரிகை, கோயில் ரசீது, தாலி கட்டும் படம், சாட்சிகள் இவற்றோடு, மதுரைக் கிளைத் தீர்ப்பின் நகலையும் எடுத்துப் போங்கள். ரிட் மனு எண் 4125/2019. நான் அதை லேமினேட் செய்து பையில் வைத்திருந்தேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண வழக்கில் அந்த உரிமையைத் தர மறுத்தபோதும், ஆண் பெண்ணாக இணையும் திருநர்கள் இருக்கிற சட்டங்களின் கீழேயே மணம் செய்துகொள்ளலாம் என்பதை உறுதிசெய்தது. அதைக் கேட்டு நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். மற்ற நண்பர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று அன்றைக்கு அவள் சமைக்கவும் இல்லை.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அவளுடைய பழைய பெயரைக் கேட்காதீர்கள். ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்காதீர்கள்; நிர்வாணம் என்று அவர்கள் சொல்கிற அந்த வலியைச் சொல்லத் தோன்றும்போது அவளே சொல்வாள். "உன்னைப் பார்த்தா தெரியவே இல்லை" என்பதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்லாதீர்கள். அவள் சேமிப்பு அவள் பெயரிலேயே இருக்கட்டும். சம்பாதித்ததையெல்லாம் புருஷன் என்று வந்தவனிடம் கொடுத்துவிட்டு ஐம்பது வயதில் தெருவில் நின்ற திருநங்கைகள் அந்தப் பெரியம்மா வீட்டிலேயே மூன்று பேர். ராத்திரி மட்டும்தான் அவள் நினைவு வருகிறதா, மத்தியானம் சாப்பிட்டிருப்பாளா என்றும் தோன்றுகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ராத்திரி மட்டும்தான் என்றால் அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிவை அவள் எடுக்கட்டும்.

திருநங்கைகளுக்கு ஜமாத் இருக்கிறது. அம்மா, நானி, மகள், பேத்தி என்று உறவு இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில், மனைவிக்காகக் காத்திருந்த இன்னொரு ஆளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் மனைவியும் திருநங்கைதான் என்று தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்கிறாராம், அதைப் பற்றி இன்னொரு ஆணிடம் பேசுவது அதுதான் முதல் தடவை என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. இப்போது நாங்கள் நான்கு பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடையில் சந்திக்கிறோம். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. வாடகை வீடு கிடைக்காதது, தத்தெடுக்க முடியுமா என்ற ஏக்கம், மச்சான் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதது, இதெல்லாம்தான் பேச்சு. எங்கள் தெருவில் முதல் வருடம், "அந்த ஆளு ஒருத்திய வச்சிருக்கான்" என்றார்கள். இரண்டாம் வருடம் 'சேர்ந்து இருக்காங்க'. போன மாதம் கேஸ் சிலிண்டர் போடுகிற பையன், "உங்க வீட்டம்மா இல்லையாண்ணே, ஓடிபி வேணும்" என்றான். அன்றைக்கு டீக்கடையில் அதைச் சொன்னபோது நான்கு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவிடம் 2018இலேயே சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவார். கல்யாணத்துக்கு வரவில்லை. கொரோனா சமயத்தில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள்தான் தினமும் அம்மாவுக்குப் போன் செய்து நிலவரம் சொல்லியிருக்கிறாள். அம்மா பதில் பேசாமல் கேட்டுக்கொள்வாராம். அதற்குப் பிறகு அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அந்தப் புள்ள' என்று சொல்ல ஆரம்பித்தார். மருமகள் என்று இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் வளையல் கடை போட்டிருந்தார்கள். கூட்டத்துச் சத்தத்துக்கு நடுவே அம்மா போன் செய்தார்.

"ஏப்பா, அந்தப் புள்ளைக்கு வளையல் என்ன அளவு?"

"ரெண்டு எட்டும்மா."

"ரெண்டு எட்டா?" கடைக்காரரிடம் திரும்பி, "பெரிய கையாம், ரெண்டு எட்டுல பச்சை எடுங்க, ரெண்டு டஜன்" என்றார்.